உப்புக் காற்று அடிக்கும் ஊரில் வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் எங்கள் வீட்டைக் கட்டி முடித்ததும் மேற்குச் சுவருக்கு அடர்நீலம் அடித்தோம். கடையில் ஷேட் கார்டைப் புரட்டியபோது எல்லோருக்கும் பிடித்த நிறம் அதுதான். முதல் ஆடி வரை அழகாகத்தான் இருந்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்த பிறகு பார்த்தால், சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். துடைத்தால் போகும், நாலு நாளில் மறுபடி வரும். இரண்டாவது ஆடியில் நீலமே வெளிறிவிட்டது. உள்ளங்கையால் தேய்த்தால் நீல மாவு கையில் ஒட்டியது. அதே டப்பாவிலிருந்து கிழக்குச் சுவரின் ஒரு பகுதிக்கும் அடித்திருந்தோம். அங்கே நிறம் அப்படியே நின்றது.

நிறத்தில் குற்றமில்லை, அதை அடித்த சுவர்தான் தப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு தொண்டியில் அக்கா வீடு, தெரிந்தவர்கள் வீடு என்று நாலைந்து வீடுகளுக்குக் கூட நின்று நிறம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். முதல் முறையாக வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நிறத்தைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

சுவர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

ஒரு தாளில் வீட்டின் நாலு சுவர்களையும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எப்போது வெயில் படுகிறது, எந்தக் காற்று அடிக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபத்தின் தெற்குக் கரை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் மன்னார் வளைகுடாப் பக்கம். வைகாசியிலிருந்து ஆடி வரை கச்சான் தென்மேற்கிலிருந்து விடாமல் வீசும். அலையிலிருந்து கிளம்பும் உப்புத் திவலையும் பொடி மணலும் தெற்கு, மேற்குச் சுவர்களில்தான் வந்து மோதும். பிற்பகல் வெயிலும் அதே மேற்குச் சுவரில்தான். வெயில், உப்பு, மணல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால் நிறம் முதலில் தோற்பது அங்கேதான். எங்கள் நீலம் போனதும் இப்படித்தான்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கதை வேறு. அங்கே கடல் கிழக்கே இருக்கிறது, பாக் விரிகுடா. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழையும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் சாய்ந்து அடிக்கும். வெளிறுவதைவிட ஈரமும் பாசியும்தான் அங்கே பெரிய தொல்லை. அக்கா வீட்டு வடக்குச் சுவரில் தை மாதம் வரைக்கும் கரும்பச்சை திட்டுகள் இருக்கும்.

பாம்பன் உட்பட இராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் இரண்டு பக்கக் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு நமக்குப் பொருந்தாது. நாம் இருப்பது வடக்கே 9 பாகைக்குச் சற்று மேலே. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும்போது உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதன் பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். அந்த நாலரை மாதமும் வெயில் படுவது வடக்குச் சுவரில். தெற்குச் சுவர் அப்போது நிழலில் இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கில் அடிக்கும். ஆக நம் ஊரில் வெயில் படாத சுவர் என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டு நிழலோ வேப்ப மரமோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

சுவர் பெயிண்டைத் தாங்குமா?

நல்ல நிறம் வீணாவதற்கு நம் ஊரில் முதல் காரணம் உப்பு. காற்றில் வருகிற உப்பு ஒன்று. சுவருக்குள்ளேயே இருக்கிற உப்பு இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்தானது.

பூச்சு வேலைக்கு உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தாலோ, மணலில் உப்பு இருந்தாலோ, அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறினாலோ, அந்த ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் முகத்துக்கு வரும். தண்ணீர் காய்ந்து போய்விடும். உப்பு மட்டும் பஞ்சு மாதிரி பூத்து நிற்கும். மேலே பெயிண்ட் இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுவர் பொரிந்து உதிர்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை இது அதிகம்.

எங்கள் பெயிண்டர் அண்ணன் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் டப்பாவைத் திறக்க மாட்டார். அவர் செய்கிற சோதனைகள் மூன்று. மூன்றையும் நீங்களே செய்துகொள்ளலாம்.

வெள்ளையாகப் பூத்திருக்கும் இடத்தில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கறுப்பாகவோ பச்சையாகவோ வழுக்கினால் பூஞ்சை அல்லது பாசி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்து, உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். மாவு ஒட்டினால் பழைய சுண்ணாம்போ, செத்துப்போன பெயிண்டோ இன்னும் சுவரில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கி அடிக்கும் பெயிண்ட்) அடித்தால் ஒரு வருஷத்தில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். முழுக்கச் சுரண்டி எடுக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

மூன்றாவது ஈரச் சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அடிச்சுவரில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். கீழே மட்டும் வியர்த்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. மேலேயும் வியர்த்தால் மழைத் தண்ணீர் எங்கோ இறங்குகிறது, அல்லது பூச்சே இன்னும் காயாமல் இருக்கிறது. புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் என்பது பொது வழக்கம். மழைக் காலத்தில் பூசியிருந்தால் நாளை எண்ணாமல் ஷீட் சொல்வதைக் கேளுங்கள்.

உப்பு இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் முதலில் தேய்த்துத் தட்டிவிடுங்கள். எடுத்ததும் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும். தேய்த்து எடுத்த பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அதை வைத்துக் கழுவினால் கழுவியதற்குப் பயனே இல்லை. குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் கழுவுங்கள். குடிக்கிற தண்ணீரைச் சுவருக்கு ஊற்றுவதா என்று மனசு கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. வாளியில் பிடித்து, ஸ்பாஞ்சை நனைத்துத் துடைத்தால் கொஞ்சத்திலேயே முடியும். பிறகு இரண்டு மூன்று நல்ல வெயில் நாள் காய விடுங்கள்.

புதிதாகச் சுத்தம் செய்த சுவரைக்கூட காற்றுக் காலத்தில் ஒரு வாரம் சும்மா விட்டால் மறுபடி உப்பு படிந்துவிடும். கழுவிக் காய்ந்ததும் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும்.

கீழக்கரையிலும் இராமேஸ்வரத்திலும் பழைய வீடுகள் சிலவற்றில் பவளக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இருக்கும். கடலிலிருந்து வந்த கல் என்பதால் அந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். அதன் மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒட்டுகிற பெயிண்டை அடித்து மூடாதீர்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பொங்கலுக்கு முன்னால் அடிக்கலாமா?

நம் ஊரில் எல்லோரும் வெள்ளையடிக்கிற மாதம் மார்கழி. பொங்கலுக்கு அடிப்பார்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கிறிஸ்துமஸுக்கு அடிப்பார்கள். மழை அப்போதுதான் விட்டிருக்கும். சுவர் நனைந்த பாயாக இருக்கும். ஆனாலும் அந்தக் காலத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று கேட்பார்கள்.

கெட்டுப்போகாததற்குக் காரணம் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ, நீற்றி, வடிகட்டி, நீலம் கொஞ்சம் கலந்து அடித்தால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்லக் கல்லாக மாறும். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். சுண்ணாம்புக்கு ஈரச் சுவர் நல்லதும்கூட. எமல்ஷன் அப்படி இல்லை. அது ஒரு தோல். உள்ளே ஈரத்தை வைத்து மூடினால் மாசியில் வெயில் ஏறும்போது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வழக்கம் அதே மார்கழியில் நிற்கிறது, அடிக்கிற பொருள்தான் மாறிவிட்டது.

அதனால் சுண்ணாம்பு அடிப்பவர்கள் மார்கழியிலேயே அடிக்கலாம். எமல்ஷன் அடிப்பவர்கள் வெளிச்சுவரை மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள். பொங்கலுக்கு வீடு புதிதாக இருக்க வேண்டும் என்றால் உள்ளே ஹாலையும் முன் திண்ணையையும் மட்டும் முடித்துக்கொள்ளலாம், ஷீட் வியர்க்காமல் இருந்தால். கச்சான் வீசும் மாதங்களில் வெளிச்சுவர் வேலை வைத்தால் ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தை, மாசியில் காலைப் பனி இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வெயில் நேராக அடிக்கிற சுவரில் அடிக்காமல், நிழல் விழுந்த சுவரிலிருந்து நிழல் விழுந்த சுவருக்கு மாறிக்கொண்டே போவது நல்ல பெயிண்டரின் பழக்கம்.

வெளிச்சுவருக்கு என்ன நிறம்?

சரி, இப்போது நிறத்துக்கு வரலாம்.

மண்ணிலிருந்து வருகிற நிறங்கள் வெயிலில் நிற்கும். காவி, மஞ்சள் காவி, செங்கல், பழுப்பு எல்லாம் இரும்பு ஆக்சைடு. அவை வெயிலுக்கும் பயப்படாது, சுண்ணாம்பின் காரத்துக்கும் பயப்படாது. கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கிற வழக்கம் நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குப் போயிருந்தால், சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் எழுதியவை. வெயில் படாத உட்சுவர் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் காவிச் சிவப்பும் மஞ்சளும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

பளிச்சென்ற சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள், ரோஸ் ஆகியவற்றில் பல, வேறு வகை நிறமிகளால் வருபவை. வெயிலில் சீக்கிரம் வெளிறும். கடையில் வெளிச்சுவருக்கென்று தனி ஷேட் கார்டு உண்டு. உட்சுவர் கார்டில் பிடித்த நிறத்தைக் காட்டி, "இதையே வெளியே அடிக்கிற பெயிண்டில் கலந்து கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். மெஷின் கலந்து கொடுத்துவிடும். வெயில் அதைச் சாப்பிட்டுவிடும்.

அடர்நிறம் நம் கடற்கரைக்கு ஒத்து வராததற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. உப்பு வெள்ளை. அடர்நீலத்திலோ கருஞ்சாம்பலிலோ அது பளிச்சென்று தெரியும், மணல் நிறத்தில் தெரியவே தெரியாது. அப்புறம், அடர்நிறச் சுவர் வெயிலை விழுங்கி ராத்திரி வரை உள்ளே அனல் விடும். மேற்குப் பக்கம் படுக்கையறை இருந்தால் அந்த அனல் தூங்க விடாது.

அதற்காகச் சுத்த வெள்ளையும் நான் சொல்ல மாட்டேன். தரை வெண்மணல், எதிரே கடல், மேலே மேகமில்லாத வானம். நடுப்பகலில் வெள்ளைச் சுவரைக் கண் திறந்து பார்க்க முடியாது, எதிர்வீட்டுக்காரருக்கும் கண் கூசும். சந்தனம், வெளிர்மணல், தந்த வெள்ளை, மஞ்சள் காவியில் பால் கலந்த மாதிரி ஒரு நிறம், லேசான சாம்பல். இவைதான் எங்கள் பக்கம் ஐந்தாறு வருஷம் முகம் மாறாமல் நின்றவை. சுத்த வெள்ளைக்கு உரிய இடம் மொட்டைமாடி. அங்கே வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்தால் கீழே அறையில் வித்தியாசத்தை அன்றைக்கே உணரலாம்.

வீட்டைச் சுற்றி மழைத் தண்ணீர் தெறிக்கிற உயரத்துக்கு, இரண்டு அடிக்கு, ஒரு பட்டை விடுங்கள். அதன் நிறத்தைக் கார்டில் தேடாதீர்கள். உங்கள் வாசல் மண்ணை ஒரு கைப்பிடி கவரில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். மண்டபத்து மண் வெளுத்த மணல். சாயல்குடி பக்கம் தேரி மண், நல்ல சிவப்பு. மழையில் தெறிக்கப் போவது அந்த மண்தான். பட்டை அதே நிறமாக இருந்தால் தெறித்த தடம் கண்ணுக்குப் படாது. அக்கா வீட்டுக்கு இப்படித்தான் மண்ணைக் கையில் குழைத்து, காய வைத்து, கார்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்தோம். ஈர மண்ணின் நிறம் வேறு, காய்ந்த மண்ணின் நிறம் வேறு. வருஷத்தில் அதிக நாள் பார்க்கப் போவது காய்ந்ததைத்தான்.

பளிச்சென்ற நிறம் பிடித்தவர்கள் மனம் கோண வேண்டாம். நம் கடற்கரை ஊர்களின் அழகே பச்சையும் ரோஸும் ஆகாய நீலமுமாக நிற்கும் வீடுகள்தான். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? படகு அவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கு அந்த வருஷாவருஷ வேலைதான் காரணம். முழு வீட்டுக்கும் அப்படிச் செய்யக் கட்டாது. பிடித்த நிறத்தை முகப்புத் தூணிலும், நிழலுக்குள் இருக்கும் வராண்டாச் சுவரிலும், ஜன்னல் ஓரத்திலும் அடியுங்கள். வெளிறினால் ஒரு லிட்டரில் புதுப்பித்துவிடலாம்.

கார்டில் பார்த்தது சுவரில் வேறு

கார்டிலுள்ள நிறம் தீப்பெட்டி அளவு. அதே நிறம் பத்தடிச் சுவரில் ஏறும்போது இரண்டு மடங்கு கனமாகத் தெரியும். கார்டில் மனசுக்குப் பிடித்ததற்கு ஒரு படி, சில சமயம் இரண்டு படி வெளிர் நிறத்தை எடுங்கள்.

எடுத்ததும் இருபது லிட்டர் வாங்கிவிடாதீர்கள். கிடைக்கிற சின்ன டப்பாவில் மூன்று நிறம் வாங்கி, பெரிய சார்ட் அட்டைகளில் இரண்டு கோட் அடித்துக் காய வையுங்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தால் கொஞ்சம் அழுத்தமாகும். நேராகச் சுவரிலேயே அடித்துப் பார்ப்பதைவிட அட்டை நல்லது. வெயில் சுவருக்கும் நிழல் சுவருக்கும் எடுத்துப் போகலாம், பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பாது.

காலை ஏழு, நடுப்பகல், மாலை ஐந்து, ராத்திரி விளக்கு. இந்த நாலு வேளையும் பார்த்தே ஆக வேண்டும். தொண்டியில் ஹாலுக்கு அக்கா வெளிர்பச்சை ஆசைப்பட்டார். காலையில் அட்டையைச் சுவரில் சாய்த்தபோது தளிர் மாதிரி இருந்தது. சாயங்காலம் டியூப் லைட் போட்டதும் அக்கா முகமே மாறிவிட்டது. "என்னடா தம்பி, இது காலையில் பார்த்த அட்டைதானா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். அதே அட்டைதான். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவரில் பட்ட வெயில் உள்ளே வந்து, பகலில் அந்தப் பச்சைக்கு உயிர் கொடுத்திருக்கிறது. ராத்திரி 6500 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை விளக்கில் அந்த உயிர் இல்லை. கடைசியில் லேசான சந்தனத்துக்கு மாறினோம், பகலில் அதில் ஒரு பச்சைச் சாயல் தானாகவே விழுகிறது. அக்கா விரும்பியது கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது.

விளக்கையும் சேர்த்து யோசியுங்கள். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலமும் சாம்பலும் மங்கும், சந்தனமும் இளஞ்சிவப்பும் மலரும். வெள்ளை விளக்கில் நேர்மாறு. தரை டைல்ஸ் போட்ட பிறகே உட்சுவர் நிறத்தை முடிவு செய்யுங்கள். டைல்ஸின் நிறம் சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும்.

உள்ளே

உட்சுவருக்கு வெயிலும் உப்பும் அவ்வளவாகத் தொல்லை தராது, மனசுக்குப் பிடித்ததை அடிக்கலாம். கடல் பக்கம் ஜன்னல் வைத்த அறைகளில் வெளிச்சம் கொட்டும். அங்கே கொஞ்சம் ஆழமான நிறம்கூட நன்றாக இருக்கும், கண்ணுக்கும் இதம். தெருவோடு தெருவாக ஒட்டிய வீடுகளில் நடு அறை இருட்டாக இருக்கும். அங்கே தந்த வெள்ளைக்கு மேல் போகாதீர்கள். கூரை எல்லா அறையிலும் வெள்ளை.

சமையலறையில் மீன் பொரிக்கிற எண்ணெய்ப் புகையும் மஞ்சள் தெறிப்பும் இருக்கும். நிறத்தைவிட, துடைத்தால் போகிற பெயிண்டா என்பதைப் பாருங்கள். லேசான பளபளப்பு உள்ளது துடைக்க எளிது. ஆனால் பளபளப்பு பூச்சின் மேடுபள்ளத்தை எல்லாம் காட்டிக் கொடுக்கும். பக்கவாட்டு வெளிச்சம் விழுகிற ஹால் சுவருக்கு மேட் ஃபினிஷ்தான் சரி. உப்பு பொரிகிற அடிச்சுவரில் பட்டி (மேடுபள்ளத்தைச் சமமாக்கப் பூசும் மாவு) பார்க்கச் சொல்லாதீர்கள். பட்டி ஈரத்தைக் குடித்து, பெயிண்டோடு சேர்ந்து அடை அடையாக விழும்.

வாஸ்து பார்ப்பவர்கள் திசைக்குச் சொன்ன நிறத்திலேயே வெளிர் வகையை எடுத்துக்கொண்டால் இரண்டும் நிறைவேறும்.

இரும்பு

கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய் கிளாம்ப் ஆகியவற்றிலிருந்து துரு வழிந்தால் எந்த நிறச் சுவரும் அசிங்கமாகும். இந்தக் காற்றில் இரும்பு படும் பாட்டுக்குப் பாம்பனே சாட்சி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பெயிண்ட் வேலை ஓயாத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் கேட்டுக்கு அவ்வளவு வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் துருத் தடுப்பு பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும்.

பழைய கேட், கதவுகளைச் சுரண்டும்போது குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. உட்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கோட்டுக்கு ஆறரை லிட்டர். வெளிச்சுவர் பெயிண்ட் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடிதான் வரும். சொரசொரப்பான பூச்சு இன்னும் அதிகம் குடிக்கும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். இரண்டாம் தடவை கலந்து வாங்கினால் அதே எண்ணிலும் நூலிழை வித்தியாசம் வரும், நடுச்சுவரில் அது கோடாகத் தெரியும். வாங்கிய டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய டிரம்மில் ஊற்றிக் கலக்கி, அதிலிருந்து எடுத்து அடிக்கச் சொல்லுங்கள். பெயிண்டர்கள் சிலர் வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவார்கள். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றினால் நிறம் மூடாது, உப்பும் சீக்கிரம் உள்ளே நுழையும். முதல் நாள் கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கலக்குகிற தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயிண்டைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். நிறத்தின் எண், பெயிண்ட் வகை, எந்தச் சுவர், எந்த மாதம் அடித்தது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளில் நாலு சுவருக்கும் நாலு வரி இருக்கிறது. ஆவணி பிறந்து காற்று அடங்கியதும் மேற்குச் சுவரை ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொள்கிறோம்.